கேட்டால் சொல்கிறேன்: வானுக்குப் பின்னால் ஒரு ட்ரெயிலர்

கேள்வி: வணக்கம் அண்ணை. எங்களிடம் 2015 ரொயோட்டா சியென்னா இருக்கிறது, வி6 எஞ்சின். வீட்டில் நானும் மனைவியும், மூன்று பிள்ளைகள், மாமி. இந்தக் கோடைக்கு அல்கொன்குயின் பார்க்குக்குப் போக, மடக்கி விரிக்கிற கூடார ட்ரெயிலர் ஒன்றைப் பழசாக வாங்கப் பார்க்கிறோம். வெறும் பாரம் 1,700 இறாத்தல் என்று விற்கிறவர் சொல்கிறார். கராஜ்காரர் ஒரு கொழுக்கியைப் பூட்டினால் சரி என்கிறார். என் நண்பனோ பிக்கப் வாங்காமல் இந்த வேலையே வேண்டாம் என்கிறான். என்னென்ன செய்ய வேண்டும்? கொஞ்சம் செலவழித்தால் 5,000 இறாத்தல் வரை இழுக்க வைக்கலாமா? (மார்க்கம் வாசகர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லி விடுகிறேன் தம்பி, முடியாது. உங்கள் வானுக்கு ரொயோட்டா சொன்ன எல்லை 3,500 இறாத்தல், அதுவும் இழுவைக்குரிய சாமான்கள் பூட்டியிருந்தால். என்னத்தைக் கொண்டுபோய்ப் பூட்டினாலும் அந்த எண் கூடாது. கடையில் வாங்குகிற கொழுக்கியில் 5,000 என்று அடித்திருக்கும், அதைப் பார்த்து ஏமாறுகிற ஆட்கள் நிறையப் பேர். கொழுக்கி, ட்ரெயிலரின் மூக்கு உட்காருகிற இரும்புப் பந்து, ட்ரெயிலரின் அச்சு, ரயர், வான், இதில் எதன் எல்லை குறைவோ அதுதான் உங்கள் கணக்கு.

ஆனால் உங்களுக்கு 3,500 பிரச்சினையே இல்லை. 1,700 என்பது வெறும் பாரம். பற்றரி, காஸ் சிலிண்டர், தண்ணீர், அடுப்பு, படுக்கை எல்லாம் ஏற 2,200 ஆகிவிடும், அதாவது ஏறக்குறைய 1,000 கிலோ. இது வான் தாராளமாக இழுக்கும். பிரச்சினை வானுக்கு உள்ளே இருக்கிறது. சாரதியின் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கிற மஞ்சளும் வெள்ளையுமான தாளைப் பாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேலே போகக்கூடாது என்று அதில் இருக்கும். இந்த வகை வான்களில் அது அநேகமாக 500க்கும் 600க்கும் இடையில் வரும். 540 என்று வையுங்கள். நீங்கள் 80, மனைவி 65, மாமி 60, பிள்ளைகள் மூவரும் சேர்ந்து 130 என்றால் 335 ஆச்சு. கொழுக்கி இரும்பு ஒரு 20. அப்புறம் ட்ரெயிலரின் மூக்கு வானை அழுத்துகிற பாரம் இருக்கிறதே, அது ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், அதுவும் இந்த 540க்குள்தான் அடக்கம். 110 கிலோ போட்டால் மொத்தம் 465. மிச்சம் 75 கிலோ. அதற்குள் ஐஸ் பெட்டி, அரிசி, வாட்டுகிற அடுப்பு, மாமியின் தட்டு முட்டுகள், கூரையில் சைக்கிள். எங்கள் ஆட்கள் இரண்டு இரவு தங்கப் போனாலும் இரண்டு கிழமைக்குச் சமைக்கிற சாமானோடு போகிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

ஆகவே வாங்க முன்னமே கணக்குப் பாருங்கள். மூக்குப் பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம்: குளியலறைத் தராசின் மேல் ஒரு பலகை, அதன் மேல் கட்டைத் துண்டு, கொழுக்கி நிற்கிற உயரத்துக்கு வரும்படி வைத்து மூக்கை அதில் இறக்கினால் எண் தெரியும். தராசின் எல்லையை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு தராசை நான் அப்படித்தான் உடைத்தேன்.

இனி வானுக்குச் செய்ய வேண்டியது. முதலாவது கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிராக்குகிற சின்ன ரேடியேற்றர், வானின் முன்பக்கம், ஏசியின் ரேடியேற்றருக்கு முன்னால் பூட்டுவது. சில வான்களுக்குக் கம்பனியிலேயே பூட்டி வரும், சிலவற்றுக்கு இல்லை. உங்கள் வானின் அடையாள எண்ணைக் கொடுத்து விற்பனை நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். கராஜ்காரர் இதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பிடிக்கவில்லை. எஞ்சினுக்கு இழுக்கிற பலம் இருக்கிறது, கியர்பொக்ஸ்தான் சூட்டில் சாகும். பல வருடத்துக்கு முன் ஹண்ட்ஸ்வில் தாண்டி 60ஆம் நெடுஞ்சாலையில், ஏற்றமும் இறக்கமுமாக, இரவல் ட்ரெயிலரோடு என் பழைய வானை விரட்டிக்கொண்டு போனேன், குளிராக்கி இல்லை, கியரையும் குறைக்கவில்லை. கருகின மணம் வந்தபோதுதான் ஒதுக்கி நிறுத்தினேன். ஒயிலை மாற்றியும் சரிவரவில்லை, அந்தக் கோடை முழுக்கப் பஸ்தான். நீங்கள் ஏற்றத்தில் கியர் நெம்பை எஸ் பக்கம் தள்ளி நாலாவதில் விடுங்கள், எஞ்சின் சத்தம் போட்டால் போடட்டும். முன்கூட்டியே ஒயிலையும் மாற்றிவிடுங்கள்.

கொழுக்கி பூட்டும்போது ஒன்று. பத்து வருடம் ஒன்ராறியோ உப்பில் ஓடின வான் அது. அடிச்சட்டத்தில் ஆணி ஏறுகிற துளைகள் துருப்பிடித்திருக்கும், அவசரப்பட்டு முறுக்கினால் உள்ளே உடையும். முதல் நாளே துரு நீக்கி எண்ணெய் அடித்து விடச் சொல்லுங்கள், சட்டத்தையே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வயர் வேலைக்கு, வானின் பின்பக்க லைற் வயர்களைக் கீறி முறுக்குகிற ஆட்களிடம் போக வேண்டாம். வானில் பிரேக் லைற்றும் திரும்பும் சமிக்ஞையும் வேறு வேறாக இருந்தால், நாலு முனைச் செருகியில் அவை இரண்டும் ஒரே வயரில் போவதால் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும், அதற்கு மின்சாரம் பற்றரியிலிருந்து நேரே, பியூஸோடு வர வேண்டும். ட்ரெயிலரில் மின்சார பிரேக் இருந்தால் ஏழு முனைச் செருகியும், சாரதிக்குப் பக்கத்தில் பிரேக்கைக் கட்டுப்படுத்துகிற பெட்டியும். ஒன்ராறியோச் சட்டப்படி மொத்தப் பாரம் 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால்தான் ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம், ஆனால் பல கம்பனிகளின் கையேடுகள் 1,000 இறாத்தலுக்கே பிரேக் கேட்கின்றன. 1,000 கிலோவைப் பிரேக் இல்லாமல் இழுத்துக்கொண்டு, பின் இருக்கையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நான் போகமாட்டேன்.

பின்பக்க ஸ்பிரிங்குக்குள் வைக்கிற காற்றுப் பைகளை விருப்பம் என்றால் போடுங்கள். பின்பக்கம் குந்தினால் முன் சில்லுகள் இலேசாகும், உங்களுடையது முன் சில்லில் ஓடுகிற வான் என்றால் ஈரத்தில் பிடிமானம் போகும், எதிரில் வருகிறவனின் கண்ணில் உங்கள் லைற் அடிக்கும். பை அந்தக் குந்தலைச் சமன் செய்யும். கதவுத் தாளில் இருக்கிற எண்ணை மட்டும் அது மாற்றாது.

நண்பருக்கு என்ன சொல்வது? பிக்கப்பிலும் கதவில் அதே தாள் இருக்கிறது, ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுடையது 2021 சியென்னா ஹைபிரிட். கோயில் அன்னதானத்துக்குக் கிடாரமும் கதிரைகளும் கொண்டுபோக ஒரு திறந்த ட்ரெயிலர் போதும். இழுக்குமா? (ஸ்காபரோ வாசகி)

பதில்: இழுக்கும் அக்கா, ஆனால் உங்கள் எல்லை 1,500 இறாத்தல்தான், பழைய வி6இன் பாதிகூட இல்லை. வாடகைக்கு எடுக்கிற திறந்த ட்ரெயிலர்கள் சில வெறுமையாகவே 900 வரும், ஆகவே இலேசானதாகப் பாருங்கள். கிடாரத்தை நிரப்பி ஏற்ற வேண்டாம், சாம்பார் ஆடினால் ட்ரெயிலரும் ஆடும். பாரத்தில் அறுபது சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் கூடினால் நெடுஞ்சாலையில் வால் அடிக்கத் தொடங்கும். அப்படி அடித்தால் பிரேக்கை மிதிக்காமல் காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடியுங்கள்.

கேள்வி: ஓடும்போது பிள்ளைகள் ட்ரெயிலருக்குள் படுத்து வரலாமா? தனி லைசென்ஸ் தேவையா? (பிரம்ரன் வாசகர்)

பதில்: படுக்கக்கூடாது, ஒன்ராறியோவில் அது சட்டவிரோதம். சாதாரண கார் லைசென்ஸான ஜி போதும், 4,600 கிலோ வரையான ட்ரெயிலரை அதில் இழுக்கலாம். ட்ரெயிலருக்குத் தனி நம்பர் தகடு வேண்டும், இரண்டு பாதுகாப்புச் சங்கிலியையும் மூக்குக்குக் கீழே குறுக்காகக் கொழுவ மறக்க வேண்டாம்.