கேள்வி பதில்: சொந்தக் காரில் மலை ஏறப் போகிறவர்களுக்கு

நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்கோ வேறு தார் ரோட்டுப் போட்டிக்கோ ஓடுகிற சொந்தக் காரையே இறக்க நினைக்கிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். நான் ஹட்டன் பக்கம் முப்பது வருடமாகக் கராஜ் வைத்திருப்பவன். போட்டிக்கு முன்னால் நடக்கும் வாகனச் சோதனையில் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன்.

இங்கே நான் சொல்லும் விதிகள் உலக மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.யின் விதிப்புத்தகத்தில் பின்னிணைப்பு ஜே-யில் உள்ளவை. நீங்கள் ஓடப்போகும் போட்டிக்கு ஏற்பாட்டாளர்கள் தனியாக ஒரு தாள் தருவார்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்தத் தாளில் உள்ளதுதான் செல்லும். முதலில் அதை வாங்குங்கள், பிறகு ஸ்பேனரை எடுக்கலாம்.

ஹட்டன்: அண்ணே, ஸ்டொக் கார் வகுப்பு என்றால் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஓட வேண்டுமா? ஒன்றும் மாற்றக்கூடாதா?

மாற்றலாம் தம்பி, ஆனால் விதியை எந்தப் பக்கமிருந்து படிக்கிறோம் என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 'இதைச் செய்யக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லையே' என்று சோதனை மேசையில் சண்டை பிடித்தவர்கள் ஏராளம். எழுதாததாலேயே அது தடை. உற்பத்திக் கார்களுக்கான குரூப் என் விதி 254ஆம் பிரிவில் இருக்கிறது. அனுமதி என்று அங்கே எழுதியதை மட்டும் செய்யலாம், மிச்சம் அத்தனையும் தொடக்கூடாது. அடுத்த 255ஆம் பிரிவு குரூப் ஏ. அதில் கையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம்.

குரூப் என்னில் என்னென்ன மாற்றலாம் என்று கேட்டால், பிரேக் லைனிங் உங்கள் விருப்பம். பிரேக் ஹோஸை விமானத் தர ஹோஸாக மாற்றலாம். ஷொக் அப்சோர்பரை மாற்றலாம், ஆனால் எண்ணிக்கை, வகை, வேலை செய்யும் முறை, பூட்டும் இடம் நாலும் பழையபடியே இருக்க வேண்டும். வால்வுகளைத் திறக்கும் தண்டான கெம்ஷாஃப்டைத் தொட்டால் அந்த வகுப்பிலிருந்து வெளியே.

காரும் சும்மா தகுதி பெறாது. பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரே மாதிரி 2,500 கார் செய்திருக்க வேண்டும். 1982இல் குரூப் ஏ வந்தபோது அது 5,000. நம் பையன்கள் உயிரை விடுகிற லான்சர் எவோ, இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். எல்லாம் இந்த எண்ணிக்கைக் கணக்குக்காக ரோட்டுக்கு வந்த வண்டிகள்தான். உற்பத்தி நின்று 7 வருடம் போனால் அந்தத் தகுதியும் காலாவதியாகிவிடும். ஆகவே உங்கள் அப்பா காலத்து ஃபோர்ட் லேசருக்கு எஃப்.ஐ.ஏ. புத்தகத்தில் இடமில்லை. உள்ளூர் வகுப்பு இருந்தால் அதில் பாருங்கள்.

தலவாக்கலை: என்னிடம் வேகன் ஆர் 660 டர்போ இருக்கிறது. 1000 சிசிக்குக் குறைந்த வகுப்பில் போட்டால் சுகமாக வெல்லலாம்தானே?

ஆசை நல்லதுதான். டர்போ எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஏற்றுவதால், பெட்ரோல் டர்போ என்றால் சிசியை 1.7 ஆல் பெருக்க வேண்டும். உங்கள் எஞ்சின் 658 சிசி, பெருக்கினால் 1,118.6. 1000 வகுப்பு போச்சு. டீசல் டர்போவுக்கு 1.5.

கினிகத்தேனை: எக்ஸோஸ்டை நேர்க் குழாயாக மாற்றினால் பவர் கூடுமா? சத்தத்துக்கு எல்லை உண்டா?

உண்டு. ராலியில் ரோட்டுப் பகுதிக்கு 3,500 ஆர்.பி.எம்.இல் 103 டெசிபல். எக்ஸோஸ்ட் வாயிலிருந்து 50 சென்ரிமீற்றர் தூரத்தில், 45 பாகை கோணத்தில் மைக்கை வைத்து அளப்பார்கள். பவரைப் பற்றிச் சொன்னால், சின்ன எஞ்சினில் சைலன்சரைக் கழற்றினால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான்.

பண்டாரவளை: பாஸ், டர்போ காருக்கு நுவரெலியா உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. டர்போ தானே காற்றை இழுத்துக்கொள்ளும். அப்படியிருக்க சாதாரண எஞ்சினையும் டர்போவையும் ஒரே 1.7 கணக்கில் மலையில் ஓடவிடுவது நியாயமா?

கேள்வி நல்ல கேள்வி, பதில்தான் பாதி தப்பு. நுவரெலியா 1,868 மீற்றர். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் அங்கே சுமார் 81. சாதாரண எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கு மூச்சை இழக்கிறது. டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அதை ஈடுகட்டும், அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் விதிப்படி டர்போ வாயில் ரெஸ்ட்ரிக்டர், அதாவது காற்று போகும் வழியைக் குறுக்கும் வளையம், போட வேண்டிய வகுப்பானால் கதை மாறிவிடும். அந்தச் சின்னத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டதும் அதற்கு மேல் ஒரு துளியும் உள்ளே போகாது. டர்போ எவ்வளவு உறிஞ்சினாலும் சரி. அந்த உச்ச அளவு வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது. வெளியே ஐந்தில் ஒன்று குறைந்தால் துளைக்குள்ளும் ஐந்தில் ஒன்று குறையும். ஆக ரெஸ்ட்ரிக்டர் போட்ட டர்போவும் சாதாரண எஞ்சினும் மலையில் ஒரே அளவுதான் இழக்கும்.

கம்பளை: அண்ணே, காரைத் தாழ்த்த ஸ்ப்ரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டினால் போதுமா?

வெட்டாதீர்கள். வெட்டின ஸ்ப்ரிங் சக்கரம் தொங்கும்போது தான் உட்காரும் கிண்ணத்தை விட்டு நழுவும். மேட்டில் துள்ளி இறங்கும்போது அது திரும்ப எங்கே போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. தாழ்த்தத்தான் வேண்டும் என்றால் அந்தக் காருக்கென்றே செய்த ஸ்ப்ரிங் வாங்குங்கள். அதோடு பிரேக் ஒயிலையும் மாற்றுங்கள். கேட்காவிட்டாலும் எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன்.

பண்டாரவளை (மறுபடி): நீங்கள் சொல்வது புத்தகத்துக்கு. ரெஸ்ட்ரிக்டருக்குப் பின்னால் ஹோஸில் நூல் கனத்துக்கு ஒரு ஓட்டை போட்டால் யாருக்குத் தெரியும்?

இந்த யோசனை உங்களுக்கு முன்பே ஒருவருக்கு வந்துவிட்டது. 1995இல் உலக ராலியில் குரூப் ஏ கார்களுக்கு 34 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர். டொயோட்டா அணியின் செலிக்காவில் செய்திருந்த வேலையைப் பார்த்தால் மெக்கானிக் என்ற முறையில் எனக்கு வயிறு எரியும், அவ்வளவு அழகு. ஹோஸைப் பூட்டி கிளிப்பை இறுக்கும்போது ரெஸ்ட்ரிக்டர் உள்ளே ஸ்ப்ரிங்கை அழுத்திக்கொண்டு சில மில்லிமீற்றர் நகரும். அந்த இடைவெளியால் காற்று துளையைச் சுற்றிக்கொண்டு போகும். சோதிக்கக் கழற்றினால் ஸ்ப்ரிங் தள்ளி எல்லாம் பழைய இடத்துக்கு வந்து, நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஸ்பெயினில் கட்டலோனியா ராலியில் பிடித்தார்கள். அந்த வருடப் புள்ளி எல்லாம் பறிபோனது, 12 மாதத் தடையும் வந்தது. அத்தனை பெரிய அணியின் மூளைக்கே அந்த முடிவு. உங்கள் நூல் கனத்து ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு டோர்ச் போதும்.

பதுளை: வணக்கம் ஐயா, நான் பௌதிகவியல் ஆசிரியை. இரண்டும் 'ஒரே அளவு' இழக்கும் என்றீர்கள். முழுக்கச் சரியில்லை. மலையில் குளிரும் உண்டல்லவா? சாதாரண எஞ்சினுக்குள் போகும் காற்றின் நிறை வெப்பநிலைக்கு நேர்மாறு. ரெஸ்ட்ரிக்டரில் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கே நேர்மாறு. எனவே குளிரின் நன்மை சாதாரண எஞ்சினுக்குச் சற்று அதிகம்.

டீச்சர், ஒப்புக்கொள்கிறேன். கொழும்பில் 25 பாகை, நுவரெலியாவில் 15 என்று வைத்துக் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். சாதாரண எஞ்சின் சுமார் 17 வீதம் இழக்கிறது, ரெஸ்ட்ரிக்டர் போட்டது சுமார் 18.5 வீதம். ஒன்றரை வீதம் உங்கள் பக்கம். பண்டாரவளைத் தம்பிக்கு இது இன்னும் கெட்ட செய்தி.

பண்டாரவளை (மூன்றாம் முறை): அப்படியானால் மலைப் போட்டியில் டர்போவுக்கு 1.7 இல்லாமல் 1.6 வைக்க வேண்டும்!

ரெஸ்ட்ரிக்டர் இல்லாத வகுப்பில் ஓடுகிறவன் நேரே எதிர்த் திசையில், 1.9 வை என்று கேட்பான். ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெருக்கல் வாய்ப்பாடு எழுத முடியாது. இத்துடன் டர்போ போதும். டீச்சர் மட்டும் இன்னொரு கேள்வி கேட்கலாம்.

பதுளை: நன்றி ஐயா. கொழும்பில் 30 பி.எஸ்.ஐ. காற்றடித்து மலைக்கு வந்தால் டயரில் என்ன காட்டும்?

வெளி அழுத்தம் குறைவதால் காற்றழுத்த மானியில் 3 கூடும், குளிரில் காற்றுச் சுருங்குவதால் ஒன்றரை குறையும். மிச்சம் கிட்டத்தட்ட 31.5. வெயில் ஏறினால் அதுவும் மாறும், அதனால் ஓடுகிற இடத்தில் வைத்தே அளக்க வேண்டும். டயர் என்றதும் ஞாபகம் வருகிறது: பட்டன் தேய்ந்து 1.6 மி.மீ.க்குக் கீழே போன டயரோடு மூடுபனி ஈரத்தில் இறங்காதீர்கள்.

மஸ்கெலியா: எக்ஸோஸ்ட் மாற்றினால் சத்தம் எவ்வளவு இருக்கலாம்?

கினிகத்தேனைக்குச் சொன்னது.

நாவலப்பிட்டி: ரோல் கேஜ் வாங்க வசதியில்லை. ஹார்ட்வேரில் இரண்டங்குல ஜி.ஐ. பைப் வாங்கி நம்ம வெல்டிங் பாஸிடம் வளைத்துப் பூட்டலாமா?

இதற்கு விரிவாகவே சொல்கிறேன். ரோல் கேஜ் என்பது கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க் கூடு. ஜி.ஐ. பைப் தண்ணீர் போக வந்தது. தகட்டைச் சுருட்டி ஓரத்தை ஒட்ட வைத்தது, உருளும்போது அந்தத் தையலில்தான் வாய் பிளக்கும். 253ஆம் பிரிவு கேட்பது தையலே இல்லாமல் குளிர் முறையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய். சீட்டுக்குப் பின்னால் குறுக்கே நிற்கும் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50க்கு 2. மற்றக் குழாய்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. பிரதான வளைவின் ஒவ்வொரு காலும் பொடிக்கு வெல்ட் பண்ணின 3 மி.மீ. தகட்டின் மேல் நிற்க வேண்டும். அந்தத் தகடு 120 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. காலுக்கு மூன்று போல்ட், குறைந்தது எம்8, தரம் 8.8. போல்ட் தலையில் அந்த 8.8 பொறித்திருக்கும், இல்லாவிட்டால் அது கதவுப் பூட்டுக்கு வந்த போல்ட்.

ஒரு தடவை ஒருவர் பளபளவென்று பெயின்ட் அடித்த கேஜோடு வந்தார். தட்டிப் பார்த்தேன், சத்தமே சரியில்லை. கார்ப்பெட்டைத் தூக்கினால் கால் நேராகத் துருப்பிடித்த தரைத் தகட்டில் நிற்கிறது, கீழே தகடே இல்லை. நம் மலையில் வருடம் முழுக்க ஈரம், பழைய கார்களின் தரை அப்பளம் மாதிரி. அந்தக் கார் உருண்டால் கேஜ் தரையைக் குத்திக்கொண்டு கீழே போயிருக்கும். ஓடவிடவில்லை. இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

கேஜ் போட்ட காரில் ஹெல்மெட் இல்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகாதீர்கள். சின்ன மோதலிலும் வெறுங்குழாயில் தலை அடிபடும்.

ஹப்புத்தளை: ஜப்பானிலிருந்து வந்த பழைய ரேசிங் சீட்டும் நாலு புள்ளி பெல்ட்டும் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

லேபலைப் பாருங்கள். எஃப்.ஐ.ஏ.யின் 8855-1999 தர சீட்டுக்கு ஆயுள் செய்த வருடத்திலிருந்து 5 வருடம். 8862-2009 என்றால் 10. லேபல் கிழிந்திருந்தால் அது வீட்டு விறாந்தைக்கு நல்ல கதிரை. பெல்ட்டின் தோள் பட்டி சீட்டிலிருந்து பின்னால் போகும்போது கீழ்நோக்கி 45 பாகைக்கு மேல் சரியக்கூடாது, 10க்குள் இருந்தால் இன்னும் நல்லது. தரையில் நேராகப் பூட்டினால் மோதும்போது முள்ளந்தண்டை அழுத்தும்.

வெலிமடை: பிரேக் பற்றி ஏதாவது?

கேட்டதற்கு நன்றி, யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், நம் ஊர் மூடுபனியில் அதற்குத் தினமும் விருந்து. டொட் 3 தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் குடித்தால் 140க்கே கொதிக்கலாம். டொட் 4 என்றால் 230, 155. டொட் 5.1 என்றால் 260, 180. கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் தரையைத் தொடும். மேலே ஏறும்போது ஒன்றும் தெரியாது. ஓடி முடித்து றம்பொடைப் பக்கமாக வீட்டுக்கு இறங்கும்போதுதான் தெரியும். டொட் 5 வேறு சாதி, சிலிக்கன். மற்றதோடு கலக்காதீர்கள்.

இராகலை: எக்ஸோஸ்ட்...

இல்லை.

பொகவந்தலாவை: சோதனையில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

வெளியே நின்று, கரண்ட் முழுவதையும் துண்டிக்கும் கட்-ஓஃப் சுவிட்சைத் தேடுவேன். வெள்ளைக் கரை வைத்த நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல், அடிப்பக்கம் 12 சென்ரிமீற்றருக்குக் குறையாமல். உள்ளிருந்தும் வெளியிருந்தும் ஒரே இழுப்பில் எஞ்சின் நிற்க வேண்டும். அப்புறம் இழுக்கும் கொக்கிக்குப் பெயின்ட், பொனெட்டுக்கு மேலதிகப் பூட்டு இரண்டு. அப்புறம் தீயணைப்பான். அதை சீட் பெல்ட் துண்டால் கட்டி வைத்திருந்தால் நேரே திரும்பிப் போகச் சொல்வேன். உலோகப் பட்டி வேண்டும்.

தியத்தலாவை: வண்டி ஓட்டமாட்டேன், பார்க்க மட்டும் வருகிறேன். எங்கே நின்றால் நன்றாகத் தெரியும்?

2024 ஏப்ரலில் உங்கள் ஊரிலேயே ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பாய்ந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு வராதீர்கள். கயிற்றுக்குப் பின்னால், மேட்டில் நில்லுங்கள். கொஞ்சம் தூரம்தான், பரவாயில்லை.

பண்டாரவளை (நாலாம் முறை): சரி பாஸ், ரெஸ்ட்ரிக்டர் போட்டே ஓடுகிறேன். எங்கே பூட்டுவது?

டர்போ இறக்கையின் முன்நுனியிலிருந்து 50 மி.மீ.க்குள். அந்தக் குறுகின விட்டம் குறைந்தது 3 மி.மீ. நீளத்துக்கு அப்படியே இருக்க வேண்டும், சீல் வைக்க போல்ட் தலையில் ஓட்டை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டு வாங்க. வரும்போது பிரேக் ஒயில் போத்தல் ஒன்றும் வாங்கி வாங்க, மூடி உடைக்காதது.