390 வெள்ளி: டைட்டானியம் சீட் போஸ்ட்டுக்கா, கடன் அட்டை பாக்கிக்கா?

கேள்வி: சிங்கப்பூரில் தெம்பனிசில் வசிக்கிறேன். வயது 46, எடை 78 கிலோ. வாரத்தில் நான்கு நாள் சைக்கிளில்தான் பாய லேபார் அலுவலகம் போய் வருகிறேன். ஞாயிறு காலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா பக்கம் ஒரு சுற்று. அலுமினிய ஃபிரேம், அதனோடு வந்த அலுமினிய சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்), 28 மி.மீ. டயர், 100 பிஎஸ்ஐ காற்றழுத்தம். மரவேர் தூக்கிய இடங்களில் ஏறி இறங்கும்போது இடுப்பில் சுளீரென்கிறது. கடையில் புது அலுமினிய போஸ்ட் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கார்பன் 240, ஸ்பிரிங் வைத்தது 330, டைட்டானியம் 390 என்றார்கள். டைட்டானியம் வாங்கினால் ஆயுசுக்கும் உழைக்கும், மூன்று தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம் என்றும் சொன்னார்கள். போனஸில் 500 வெள்ளி மிச்சம் இருக்கிறது. கடன் அட்டையில் 1,800 வெள்ளி பாக்கி. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்டி வருகிறேன். எதை வாங்குவது நல்லது?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: நான்கு விலைகளை விரிவாக எழுதிவிட்டு, அட்டை பாக்கியைக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சிங்கப்பூரில் கடன் அட்டை வட்டி பொதுவாக ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு. 27 என்று வைத்துக்கொண்டால், 1,800 வெள்ளிக்கு ஆண்டுக்கு 486 வெள்ளி, மாதத்துக்கு 40 வெள்ளிக்கு மேல். கையில் இருக்கும் 390 வெள்ளியை அட்டையில் கட்டினால் ஓராண்டில் 105 வெள்ளி வட்டி மிச்சமாகும். கட்டாமல் டைட்டானியம் வாங்கினால் அந்தப் போஸ்ட்டின் முதலாண்டு விலை 495 வெள்ளி.

வட்டியில்லாத் தவணையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தத் தவணைப் பணம் உங்கள் அட்டையிலிருந்துதான் பிடிக்கப்படும் என்றால், பழைய பாக்கி நிற்கும் அட்டையில் புதிதாக ஏறும் தொகைக்கு வட்டியில்லா நாள்கள் பொதுவாகக் கிடைக்காது; ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கடைக்காரர் வட்டி வாங்கமாட்டார், வங்கி வாங்கும். தவணைத் தேதி தவறினால் தாமதக் கட்டணம் தனி.

இனி சீட் போஸ்ட். டைட்டானியம் மெத்தென்று இருக்கும் என்ற பேச்சு எங்கும் உண்டு. உலோகமாகப் பார்த்தால், வளைவதற்கு அலுமினியத்தைவிட டைட்டானியம்தான் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு முரண்டு பிடிக்கும். டைட்டானியம் போஸ்ட் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறதென்றால் அதன் சுவரை மெல்லியதாக இழுக்க முடிவதால்தான். கார்பனிலும் இழைகளை எந்தக் கோணத்தில் அடுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒன்று மரக்கட்டை மாதிரி இருக்கும், இன்னொன்று நன்றாக நெகிழும். ஆகவே பொருளின் பெயருக்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

நெகிழ்வைத் தீர்மானிப்பவை இரண்டு அளவுகள். ஒன்று, ஃபிரேமுக்கு மேலே போஸ்ட் எவ்வளவு நீளம் வெளியே நிற்கிறது என்பது. அந்த நீளம் இரண்டு மடங்கானால் நெகிழ்வு எட்டு மடங்காகும். இன்னொன்று விட்டம். ஒரே சுவர்க் கனத்தில் 31.6 மி.மீ. போஸ்ட், 27.2 மி.மீ. போஸ்ட்டைவிட ஒன்றரை மடங்கு விறைப்பு. உங்கள் போஸ்ட்டின் அடிப்பகுதியில் விட்டம் பொறித்திருக்கும், பாருங்கள். 27.2 ஆக இருந்து, 15 செ.மீ.க்கு மேல் வெளியே நின்றால், நல்ல கார்பன் போஸ்ட்டின் வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும். 8 செ.மீ.தான் நிற்கிறது என்றால் 240 கொடுத்தாலும் 390 கொடுத்தாலும் ஏறக்குறைய பழைய குலுக்கல்தான். போஸ்ட் தரையிலிருந்து ஏறத்தாழ 73 பாகை சாய்ந்து நிற்கிறது. வேரில் ஏறும் அடியில் பெரும்பங்கு குழாயின் நீளவாக்கில் போகிறது. அந்தத் திசையில் எந்த உலோகமும் அசையாது.

எடையைப் பார்ப்போம். சைக்கிளோடு வரும் அலுமினிய போஸ்ட் 290 கிராம் அளவில் இருக்கும், கார்பன் 200, டைட்டானியம் 230. மிச்சமாவது அதிகம்போனால் 90 கிராம். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 92 கிலோ என்றால், ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐந்து நிமிட ஏற்றத்தில் மூன்றில் ஒரு வினாடிகூட மிச்சமாகாது. தெம்பனிசுக்கும் பாய லேபாருக்கும் இடையில் அப்படி ஓர் ஏற்றமும் இல்லை. எடைக்காக நீங்கள் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் இடுப்பை வருத்துவது முதலில் அந்த 100 பிஎஸ்ஐ. உங்கள் எடைக்கு 28 மி.மீ. டயரில் பின்னால் 75 முதல் 80, முன்னால் 70 போதும். இதற்குச் செலவே இல்லை, நாளைக் காலையே செய்யலாம். அதற்கும் கீழே இஷ்டத்துக்கு இறக்கிவிடாதீர்கள். நடைபாதை விளிம்பில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். அடுத்தது டயரின் அகலம். ஃபிரேமிலும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும் இருபுறமும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி மிஞ்சுமானால் 32 மி.மீ. டயர் போட்டு, பின்னால் 60 முதல் 65 பிஎஸ்ஐ, முன்னால் 55 முதல் 60 வைத்து ஓட்டுங்கள். ஜோடி 100 வெள்ளிக்குள் நல்லதாகவே கிடைக்கும். நீங்கள் ஓட்டும் தூரத்துக்குப் பின் டயரை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் அகலமானதை வாங்கினால் கூடுதல் செலவு என்றே சொல்ல முடியாது. சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், அதுவும் இடுப்பை இழுக்கும்.

ஆயுசுக்கும் உழைக்கும் என்ற வாக்குக்கு வருகிறேன். டைட்டானியம் துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் அது உட்காரும் இடம் உங்கள் அலுமினிய ஃபிரேம். டைட்டானியமோ கார்பனோ அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புநீர் புகுந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். இங்கே வியர்வைக்கும் மழைக்கும் கடற்காற்றுக்கும் பஞ்சமில்லை. அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி இடைவெளியில் பருத்து, போஸ்ட்டை ஃபிரேமோடு கவ்விக்கொள்ளும். பிறகு ரம்பம் வைத்து உள்ளிருந்து அறுத்தெடுக்க வேண்டிவரும். கைதவறினால் ஃபிரேமே போய்விடும். இந்தச் செலவு விலைச்சீட்டில் இருக்காது.

தடுப்பது எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நல்ல மழையில் நனைந்தால் அதற்கு முன்பே, போஸ்ட்டின் உயரத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, போஸ்ட்டை ஃபிரேமில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, சீட்டை இடம் வலமாகத் திருகியபடி வெளியே எடுங்கள். சைக்கிளைக் கவிழ்த்துக் குழாயில் தேங்கிய நீரை வடியவிட்டு, துணியால் உள்ளே துடையுங்கள். அலுமினிய போஸ்ட்டுக்கு கிரீஸ், டைட்டானியத்துக்கு ஒட்டிப்பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை, கார்பனுக்கு கார்பன் பேஸ்ட். இதை மாற்றிப் போடக்கூடாது. கார்பனில் சாதாரண கிரீஸ் தடவினால் போஸ்ட் வழுக்கி இறங்கும். இறங்குகிறதே என்று கிளாம்ப்பை இறுக்குவார்கள். இறுக்கிய இடத்தில் கார்பன் விரியும். பேஸ்ட்டில் உள்ள பொடிமணல் போன்ற துகள்கள் குறைந்த இறுக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். கிளாம்ப்பில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டக்கூடாது, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். இதைக் கைப்பழக்கத்தில் ஊகிக்க முடியாது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். ஆக 240 வெள்ளி கார்பன் போஸ்ட், பேஸ்ட்டும் ரெஞ்சும் சேர்ந்தால் 300 வெள்ளியை நெருங்கும். கீழே விழுந்து நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் விழுந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அலுமினியம் பெரும்பாலும் வளைந்து காட்டும், கார்பன் சொல்லாமல் முறியும். பழைய கார்பன் போஸ்ட்டைக் கரோசல் விற்பனைச் செயலியில் பாதி விலைக்குப் பார்த்தாலும் வாங்காதீர்கள். அது எத்தனை முறை விழுந்தது, எவ்வளவு இறுக்கப்பட்டது என்று படத்தில் தெரியாது. பழைய டைட்டானியம் அப்படியல்ல. விட்டம் சரியாக இருந்து, குழாய் வளையாமல் நேராக இருந்து, வெல்டில் விரிசல் இல்லாவிட்டால் வாங்கலாம்.

ஆகவே உங்கள் 500 வெள்ளியை இப்படிப் பிரியுங்கள்: டயருக்கு 100, கிரீஸுக்கு 10, மீதி 390 அட்டைக்கு. பழைய போஸ்ட் வளையாமல், கீறலில்லாமல் இருந்தால் அதுவே ஓடட்டும். மிஞ்சும் 1,410 வெள்ளிக்கு உங்கள் வங்கியில் பாக்கியைக் குறைந்த வட்டித் தவணைக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். நடைமுறைக் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பாக்கி தீர்ந்த பிறகும் குலுக்கல் தாங்கவில்லை என்றால், அப்போது நான் சொல்வது டைட்டானியம் அல்ல, ஸ்பிரிங் போஸ்ட். வகையைப் பொறுத்து 20 முதல் 35 மி.மீ. வரை உண்மையாகவே கீழிறங்கிக் கொடுக்கும். அரைக் கிலோ எடை இருந்தாலும் உங்கள் வலிக்கு நேரடி மருந்து அதுதான். 78 கிலோவுக்கு ஏற்ற ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேற்பகுதி உயரமாக இருக்கும் என்பதால், வெளியே நிற்கும் நீளம் அதற்குப் போதுமா என்றும் அளந்துகொண்டு போங்கள். இப்போதைய போஸ்ட்டில் சீட் எவ்வளவு பின்தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; 20 மி.மீ. பின்தள்ளியதற்குப் பதில் நேரானதைப் போட்டால் உடம்பு முன்னே வந்து பாரம் கைக்கும் முட்டிக்கும் மாறும்.

வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகத் தெரிந்தால், 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்ந்த விலையா என்று பாருங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கும் அந்த வரி உண்டு. விட்டம் தவறிப்போனால் திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். 0.4 மி.மீ. வித்தியாசத்தில்கூடப் போஸ்ட் உள்ளே போகாது, அல்லது ஆடும். அதனால் பழைய போஸ்ட்டைக் கையோடு எடுத்துப்போய், கடையில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து வாங்குவதே மேல்.