அரிப்பும் ஒரு நோய்க்கணக்குதான்

கேள்வி: என் கணவருக்குத் தோலில் வரும் டி-செல் லிம்போமா (வெள்ளணுக்களில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய்), ஆரம்ப நிலை என்று பயாப்சியில் (திசுப் பரிசோதனை) உறுதியாகியிருக்கிறது. உடனடி ஆபத்து இல்லை என்கிறார் மருத்துவர். ஆனால் இரவெல்லாம் அரிப்பு, தூக்கமில்லை. விசேஷங்களுக்கும் வர மறுக்கிறார். என்ன செய்யலாம் டாக்டர்?
– ஒரு வாசகி

பதில்: இந்நோயின் ஆரம்ப நிலையில் உள்ள பலர், மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்பதால்தான், அந்த வாழ்நாள் எப்படிக் கழிகிறது என்பது சிகிச்சையின் முக்கியக் கேள்வியாகிறது. அரிப்பைச் சில்லறைத் தொந்தரவாக ஒதுக்குவது, என் கருத்தில், மருத்துவர்களாகிய எங்கள் தரப்புக் குறை. வழக்கமான அரிப்பு மாத்திரைகள் இதில் பலருக்குப் போதுவதில்லை. அப்போது காபாபென்டின், மிர்ட்டசபின் போன்ற வேறு மருந்துகளை மருத்துவர் பரிசீலிப்பதுண்டு. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் காயுமுன் மணமில்லாத களிம்பைத் தடவுவது எளிய, ஆனால் தினமும் தவறவிடக் கூடாத வேலை. புற ஊதா ஒளிச் சிகிச்சை நல்ல பலன் தரும் என்றாலும், வாரம் இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்கு அலைய வேண்டியிருப்பதால், அவருடைய வேலை நேரத்தையும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உருவாகி 1994-இல் வெளியான, பத்தே கேள்விகள் கொண்ட தோல்நோய் வாழ்க்கைத்தரப் படிவம் ஒன்று உண்டு. அரிப்பையும் கூச்சத்தையும் வாயால் சொல்லத் தயங்குபவர்கள் அதில் எழுதிவிடுகிறார்கள். உங்கள் கணவருக்கு வந்திருப்பது தொற்றுநோய் அல்ல என்பதை உறவினரிடம் நீங்களே சொல்லிவிடலாம். சொறிந்த இடத்தில் சீழோ, காய்ச்சலோ கண்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.