செடிகளுக்கு நடுவே ரெகே

கேள்வி: எனக்கு இரண்டு பைத்தியம். ஒன்று தோட்டம், இன்னொன்று ரெகே இசை. வேலை முடிந்து வந்தால் ஒன்றிரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. செடிகளைக் கவனித்தால் பாட்டு போய்விடுகிறது. பாட்டோடு உட்கார்ந்தால் களை மண்டுகிறது. இரண்டையும் சேர்க்கலாம் என்று தொட்டிகளுக்கு ரெகேயின் அடையாள நிறங்களான சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்தேன். ஒட்டவே இல்லை. வேறு வழி உண்டா? பாட்டு போட்டால் செடி நன்றாக வளரும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இசை கேட்டுச் செடி செழிக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. ஆனால் செடிகள் அதிர்வை உணர்கின்றன. கம்பளிப்புழு இலையைக் கடிக்கும்போது எழும் அதிர்வைப் பதிவு செய்து, அதையே செடிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2014-ல் வெளியானது. அந்த அதிர்வைப் பெற்ற செடிகள், பிறகு புழு வந்தபோது எதிர்ப்பு ரசாயனத்தைக் கூடுதலாகச் சுரந்தன. காற்றின் அதிர்வுக்கு அப்படிச் செய்யவில்லை. இதை வைத்துக்கொண்டு ரெகேயில் தாழ்ந்த ஒலி தரும் பாஸ் கிதாருக்குச் செடி வளரும் என்று சொல்ல முடியாது. ஆகவே பாட்டு உங்களுக்கு, தண்ணீர் செடிக்கு.

சரி, சேர்ப்பது எப்படி? நீங்கள் புதிதாக ஒட்டவைக்க வேண்டியதே இல்லை என்று நினைக்கிறேன். ரெகே 1960களின் இறுதியில் கிங்ஸ்டன் நகரத்தில் உருவானது உண்மைதான். ஆனால் அதன் குரல்களில் பல ஜமைக்காவின் கிராமங்களிலிருந்து வந்தவை. பாப் மார்லி 1945-ல் பிறந்தது செயின்ட் ஆன் மாவட்டத்தில் நைன் மைல் என்ற மலைக்கிராமத்தில். அவருடைய தாத்தா விவசாயி. இன்னொரு ரெகே பாடகரான பர்னிங் ஸ்பியரும் அதே மாவட்டத்துக்காரர். இந்த இசைக்கு உயிர் கொடுத்த, ஜமைக்காவில் பிறந்த ரஸ்தஃபாரி என்ற சமய நம்பிக்கையிலும் மண் நடுநாயகமாக இருக்கிறது. அதன் முன்னோடிகளில் ஒருவரான லியோனர்ட் ஹோவெல் 1940-ல் பினக்கிள் என்ற இடத்தில் தன் மக்களோடு குடியேறி, அங்கேயே பயிரிட்டு வாழ்ந்தார். போலீஸ் திரும்பத் திரும்பப் புகுந்து அந்தக் குடியிருப்பைக் கலைத்தது. ஐடல் என்ற அவர்களது உணவுமுறை பெரும்பாலும் நிலத்தில் விளைவதையே நம்பியது. ரெகேயையும் செடியையும் சேர்த்துச் சொன்னாலே கஞ்சா என்று சிரிப்பவர்கள் உண்டு. ரஸ்தஃபாரிகளுக்கு அது வழிபாட்டில் பயன்படும் பொருள். அதை மட்டும் பேசுவதால் அவர்களுடைய உழவு முழுக்க மறைந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது.

அதனால்தான் தொட்டியின் நிறம் ஒட்டவில்லை. அடித்த பெயின்டைச் சுரண்ட வேண்டாம், அதில் என்ன விளைகிறது என்பதை மாற்றுங்கள். ஜமைக்காச் சமையலில் சேரும் ஸ்காட்ச் பானட் மிளகாய் வையுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரமாகும், சூடு வேண்டும், பொறுமை வேண்டும். காரமோ கடுமை, காயைக் கையுறையோடு நறுக்குங்கள். அது வளரும்வரை கலலூ விதையுங்கள். ஜமைக்காவில் அந்தப் பெயரில் சமைப்பது தண்டுக்கீரை இனத்தைச் சேர்ந்த கீரைதான், சில வாரங்களிலேயே பறிக்கலாம். கங்கோ பட்டாணி என்று அங்கே சொல்வது நம் துவரை. இடமிருந்தால் வேலியோரம் போடலாம், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். சோரல் என்பது செம்பருத்தி இனம். பகல் குறையும் பருவத்தில்தான் பூக்கும், அதன் சிவந்த புல்லிவட்டங்களை இஞ்சியோடு ஊறவைத்து கிறிஸ்துமஸ் பானம் செய்வார்கள். அக்கி அந்நாட்டின் தேசியப் பழம்தான், ஆனால் நீங்கள் ஆசைப்பட வேண்டாம். அது பெரிய மரம்; தானாகப் பழுத்து வெடிக்காத காய் நஞ்சு.

அடுத்து நேரம். ரெகேயில் ஒன் டிராப் என்ற தாளம் இருக்கிறதே, நான்கு எண்ணினால் முதல் எண்ணிக்கை வெறுமையாக இருக்கும், கனமான டிரம் அடி மூன்றில் விழும். பாப் மார்லியின் டிரம்மர் கார்ல்டன் பாரெட் வாசித்ததைக் கேட்டால் உடனே பிடிபடும். ஒன்றில் களைக்கொத்தைத் தூக்கி மூன்றில் இறக்கிப் பாருங்கள். அவசரம் தானாக விலகும், முதுகும் தாங்கும். களையெடுப்பு, நாற்று நடவு, மண் கிளறுவது எல்லாம் இந்த வேகத்துக்கு ஏற்றவை.

கவாத்து செய்யும் நாளில் ரெகேயிலிருந்து பிறந்த டப் என்ற இசைவகையைக் கேளுங்கள். ரேடியோ பழுதுபார்ப்பதில் கைதேர்ந்த கிங் டப்பி, 1970களின் தொடக்கத்தில், பதிவான பாட்டிலிருந்து குரலையும் கிதாரையும் எடுத்துவிட்டு, பாஸையும் டிரம்மையும் மட்டும் மிச்சம் வைத்து, எடுத்ததை எதிரொலியாக அங்கங்கே திரும்ப விட்டார். கிளையைக் கழித்துச் செடியின் கட்டமைப்பை வெளியே கொண்டுவரும் உங்கள் வேலையும் அதுதான். பூச்சி தேடும்போது மட்டும் பாட்டை நிறுத்திவிடுங்கள். அதற்கு முழுக் கவனம் வேண்டும்.

ஃபோன் ஸ்பீக்கரில் பாஸ் வராது, பாஸ் இல்லாமல் ரெகே பாதிதான். சின்ன ஸ்பீக்கரையே சுவர் மூலையில் தரையில் வைத்தால் பாஸ் நன்றாகக் கூடும். அந்தச் சுவர் பக்கத்து வீட்டோடு பொதுவானது என்றால் வேறு மூலை பாருங்கள்; தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள்: ஒரு கொடி சுரை போடுங்கள். ஓடு கெட்டியாகும் ரகமாக, சிறு காயாகப் பார்த்து, கொடியிலேயே முற்றவிட்டுக் காம்போடு அறுத்து, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். சில மாதங்கள் ஆகும். மேலே பூஞ்சை படரும், பயந்து எறிந்துவிடாதீர்கள், துடைத்தால் போய்விடும். கையில் எடுத்தால் லேசாகி, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கினால் தயார். அப்புறம் அதைக் குலுக்கித் தாளம் போடலாம். இரண்டு காயாகக் காயவிடுங்கள். ஒன்றை உடைத்து அடுத்த பருவத்துக்கு விதை எடுத்துக்கொள்ளலாம்.