வாசகர் கேள்வி – பதில்: தாலினில் டிராம் யாருக்கு இலவசம்?

கேள்வி: என் மகன் எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் மேற்படிப்புக்குப் போகிறான். அங்கே பஸ், டிராமுக்குக் காசே இல்லையாமே? செலவுக் கணக்கில் பஸ் காசை விட்டுவிடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: முதல் சில வாரங்களுக்காவது எடுத்து வையுங்கள், அம்மா. 2013 ஜனவரியிலிருந்து இலவசம் என்பது உண்மைதான். ஆனால் தாலின் முகவரியில் பதிந்தவர்களுக்கு மட்டும். அங்கே குடியிருந்தால் மட்டும் போதாது. அந்த நாட்டில் வருமான வரியில் ஒரு பங்கு, கட்டுபவர் எந்த ஊரில் பதிந்திருக்கிறாரோ அந்த ஊருக்குப் போகிறது. அதனால் பதிவு கூடினால் மாநகரத்துக்கு வரவு. வீட்டு வரியை நம்பியிருக்கும் நம் நகராண்மைக் கழகங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

மகன் முதலில் தங்கும் அனுமதி வாங்க வேண்டும். பிறகு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி முகவரியைப் பதிய வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்: வீட்டுக்காரர் பதிவுக்குச் சம்மதிக்கிறாரா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். அடுத்து 'யூஹிஸ்கார்ட்' என்ற பச்சை அட்டை வாங்கி, நம் ஐசி (அடையாள அட்டை) எண் மாதிரி அங்கே கொடுக்கும் அடையாள எண்ணை அதனுடன் இணைக்க வேண்டும். இணைக்காத அட்டை, காசு போட்டு ஓட்டும் வெறும் அட்டைதான்.

இலவசம் என்றாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அட்டையைத் தட்டியாக வேண்டும். இறங்கும்போது வேண்டாம், எல்ஆர்டி ரயிலில் பழகிய கை தானாக நீளும், பரவாயில்லை.

அதுவரை வங்கி அட்டையே டிக்கெட். ஓட்டுநர் பக்கத்து முன்கதவில் இருக்கும் கருவியில் தட்டினால் ஒரு மணி நேர டிக்கெட். அதற்குள் வண்டி மாறலாம். முதல் வண்டியில் கைப்பேசியைத் தட்டிவிட்டு, மாறிய வண்டியில் பிளாஸ்டிக் அட்டையைத் தட்டக் கூடாது. ஒரே வங்கிக் கணக்கானாலும் கருவிக்கு அவை இரண்டு அட்டைகள். இரண்டு டிக்கெட் போய்விடும்.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து டாக்சிதானா?
– அதே வாசகி

பதில்: தேவையில்லை. 4ஆம் எண் டிராம் 2017லிருந்து விமான நிலையம் வரை ஓடுகிறது. நிறுத்தத்தின் பெயர் 'லென்னுயாம்'. 'யாம்' என்றால் அங்கே நிலையம், நம் இலக்கண வகுப்பு 'யாம்' இல்லை! வெளியூர் பஸ் நிலையம் 'புஸ்ஸியாம்', ரயில் நிலையம் 'பால்ட்டி யாம்'. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் டிராலி பஸ் (மேலே உள்ள மின்கம்பியில் ஓடும் பஸ்) எண்கள் இருந்தால் நம்ப வேண்டாம். 2024 அக்டோபரோடு அவை நின்றுவிட்டன.

கேள்வி: தாலினிலிருந்து லாட்வியாவின் ரீகாவுக்கு ரயிலா, பஸ்ஸா?
– தோட்ட வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பஸ். ஏறக்குறைய 310 கிலோமீட்டர், நாலரை மணி நேரம், பார்னு என்ற ஊர் வழியாகக் கிட்டத்தட்ட நேர்க்கோடு. ரயில் பாதை தென்கிழக்கே தார்த்து என்ற ஊருக்கு வளைந்து, எல்லை ஊரான வல்கா வழியாக ரீகாவுக்குப் போகிறது, நடுவில் வண்டியும் மாற வேண்டும். பார்னுவுக்கு இருந்த ரயிலும் 2018 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இத்தனைக்கும் மூன்று பால்டிக் நாடுகளிலும் பழைய தண்டவாளம் ஒரே 1520 மி.மீ. அகலம்தான். உங்கள் ஊரில் நிற்கும் இடிஎஸ் ரயிலுக்கு 1000 மி.மீ. தாலின் டிராமுக்கு 1067. அதாவது அந்த டிராம் பாதை நம் ரயில் பாதையைவிட 67 மி.மீ. அகலம்! இப்போது கட்டிவரும் புதிய ரயில் பாதையான 'ரயில் பால்டிகா' 1435 மி.மீ. அகலத்தில், தாலினிலிருந்து பார்னு, ரீகா வழியாகப் போலந்து எல்லை வரை சுமார் 870 கிலோமீட்டர், இலக்கு 2030.

கேள்வி: தாலினிலிருந்து பின்லாந்தின் ஹெல்சின்கிக்குப் போகும் கப்பலுக்கு எங்கே போக வேண்டும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: டிக்கெட்டில் ஏ முனையமா, டி முனையமா என்று பாருங்கள். இரண்டும் ஒரே துறைமுகம்தான், ஆனால் நடுவில் தண்ணீர். மாறிப் போனால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடைபாலம் தாண்டி நடக்க வேண்டும். பயணம் சுமார் இரண்டு மணி நேரம்.