கட்டட நிதிக்குக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: 11 வருடங்களுக்கு முன் அம்மா இறந்தபோது அவர் பெயரில் 4 லட்ச ரூபாய் டெபாசிட் இருந்தது. அப்பா முன்பே இல்லை. பிள்ளைகள் நானும் அக்காவும்தான். உயில் கிடையாது, நாமினி நான். அக்காவிடம் சொல்லாமல் எடுத்து வீட்டு வேலைக்குப் போட்டுவிட்டேன். உபவாசமிருந்து அழுது ஜெபித்தும், திருவிருந்து ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது தொண்டை அடைக்கிறது. ஆண்டவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லையா? அக்காவிடம் சொன்னால் உறவே அறுந்துவிடும். பேசாமல் அந்தத் தொகையைச் சபைக் கட்டட நிதிக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: சகோதரரே, கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கூடாது. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அதில் பாதி அக்காவுடையது. அக்காவின் பணத்தை நீங்கள் எப்படிக் காணிக்கை போடுவீர்கள்?

ஆண்டவரிடம் அழுதது வீண்போகவில்லை. ஆனால் 51-ஆம் சங்கீதத்தில் தாவீது, “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக” பாவம் செய்தேன் என்கிறானே, அந்த வரிக்குப் பின்னால் நம்மில் பலர் ஒளிந்துகொள்கிறோம். தாவீது போய் மன்னிப்புக் கேட்க, அவன் கொல்லச் செய்த உரியா உயிரோடு இல்லை. உங்கள் அக்கா இருக்கிறார்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னது நினைவிருக்கும்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு. இதைக் கேட்டவர்களில் பலர் கலிலேயாக்காரர்கள். பலிபீடமோ எருசலேமில், நடந்தால் மூன்று நான்கு நாள் தூரம். அவ்வளவு தூரம் வந்தவனைத் திரும்பிப் போகச் சொல்கிறார்! நீங்கள் ஒரு பஸ் ஏறினால் போதும் என்று நினைக்கிறேன்.

சரி, எவ்வளவு கொடுப்பது? அடுத்தவன் பொருளை ஏமாற்றி வைத்திருந்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 6-ஆம் அதிகாரம். உங்கள் கணக்கில் 2 லட்சமும் அதன்மேல் 40,000-மும். வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, கொடுக்கிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். அவ்வளவு வேண்டாம், ஆனால் 11 வருட வங்கி வட்டி 40,000-ஐத் தாண்டிவிடும் என்பதால் அதையே கூட்டிக் கொடுப்பதுதான் நியாயம். மொத்தமாக முடியாவிட்டால் தவணை சொல்லுங்கள், தேதியோடு.

முதலில் உங்கள் மனைவியிடம் பேசிவிடுங்கள். அப்புறம் நேரில் போங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். போதகரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவர் முன்னால் அக்காவால் கோபப்படக்கூட முடியாது. வீடு பாதியில் நின்றது, கஷ்டம் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். எடுத்தேன், மறைத்தேன், இவ்வளவு தர வேண்டும். அவ்வளவு போதும். “ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு” என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நீங்கள் 11 வருடம் சுமந்ததை அவர் அன்றுதான் கேள்விப்படுகிறார். கதவைச் சாத்தினால் சாத்தட்டும். சில மாதம் பேசாமல் இருக்கவும் கூடும். அப்போதும் பணம் போய்ச் சேர வேண்டும்.

அதற்குப் பிறகும் தொண்டை அடைத்தால் மறுபடி எழுதுங்கள், அது வேறு விஷயம். கட்டட நிதிக்கு, அக்காவைப் பார்த்துவிட்டு வந்து, உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள்.