முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி வைத்தால் தண்ணீராக ஓடுகிறதே, மாவில் கலப்படமா?

பெரும்பாலும் கலப்படமாக இருக்காது. மகளுக்கு ஆறு மாதம் முடிந்து கஞ்சி கொடுக்க ஆரம்பித்தபோது இதே சந்தேகத்தில் நானும் மாவு வாங்கிய கடையில் சண்டைக்கு நின்றிருக்கிறேன். அதுவும் தாவரவியல் படித்துவிட்டு!

கேழ்வரகு மணியில் பெரும்பகுதி மாவுச்சத்து. உள்ளே இருக்கும் கருவுக்குத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. ஆனால் மாவுச்சத்து அப்படியே கரைந்து முளைக்குப் போய்ச் சேராது, முதலில் உடைய வேண்டும். மணி ஊறியதும் கரு ஜிப்பெரலின் என்ற ஹார்மோனை வெளியிடும். தவிட்டை ஒட்டியுள்ள அலூரான் என்ற மெல்லிய அடுக்கை அது எட்டியதும், அங்குள்ள செல்கள் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைப் புதிதாகத் தயாரித்து உள்ளே அனுப்பும். மாவுச்சத்தின் நீளச் சங்கிலியை அந்த நொதி கண்ட இடத்தில் வெட்டிப்போடும். கடைசியில் மால்டோஸ் போன்ற சர்க்கரைகள் மிஞ்சும். முளைத்த தானியம் லேசாக இனிப்பது அதனால்தான். 1833-இல் பிரான்சில் பாயென், பெர்சோ என்ற இரண்டு வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து பிரித்தெடுத்ததும் இதே வேலையைச் செய்யும் சரக்குதான். அதற்கு டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள்.

சரி, காயவைத்து அரைத்த பிறகுமா? ஆமாம். வெயிலில் காய்ந்தால் நொதி அழிவதில்லை, ஈரமில்லாமல் சும்மா கிடக்கும். மாவைக் கரைத்துச் சிறு தீயில் வைக்கும்போது 60, 70 டிகிரி வாக்கில் மாவுச்சத்து வீங்கி இளகும். அமைலேஸுக்கும் அந்தச் சூடு ரொம்பப் பிடிக்கும். கெட்டியாக வேண்டிய கஞ்சி அங்கேயே வெட்டுப்பட்டு நீர்த்துவிடும். கொதி வந்தால் நொதி செத்துவிடும், ஆனால் அதற்குள் வேலையை முடித்திருக்கும்.

கெட்டியாகத்தான் வேண்டுமென்றால் காயவைத்த தானியத்தை வாசனை வரும்வரை வறுத்து அரையுங்கள். அல்லது கரைத்த மாவைக் கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள், நொதிக்கு அவகாசமே கிடைக்காது.

குழந்தைக்கு என்றால் நீர்ப்பதுதான் நல்லது என்பேன். கெட்டிக் கஞ்சியைக் குழந்தை விழுங்காது; தண்ணீர் ஊற்றி இளக்கினால் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும். முளைகட்டிய மாவில் கூடுதலாக ஒரு கரண்டி போட்டாலும் கஞ்சி ஊட்டும் பதத்திலேயே இருக்கும். வீட்டில் சோதித்துப் பாருங்கள்: கை பொறுக்கும் சூட்டில் உள்ள கெட்டியான அரிசிக் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி முளைகட்டிய மாவைக் கலந்து சற்று நேரம் விடுங்கள். கண்ணெதிரே இளகும். சாப்பிடுவதானால் மறுபடி ஒரு கொதி விட்டுவிடுங்கள்.

அப்புறம், துணியில் கட்டிய தானியத்தை இரண்டு நாளுக்கு மேல் வளரவிடாதீர்கள். முளை நீள நீள, உடைத்த சர்க்கரையை அதுவே தின்று தீர்த்துவிடும்.